எழுத்துப் பிரித்த பொடியன் எங்கே போனான்?

ஈயத்தில் வார்த்த அச்செழுத்து தீர்ந்துபோகும். கொழும்புத் தமிழ் அச்சகங்களில் அடிமட்டத்தில் நுழைந்த ஒருவர் எப்படி மேலே வந்தார், இப்போது ஏன் அந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது என்ற கேள்விக்கு விடையில் பாதி இந்தச் சின்ன விசயத்துக்குள் இருக்கிறது.

கொட்டாஞ்சேனையிலோ மருதானையிலோ இருந்த சிறிய அச்சகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது 8 பக்கத்துக்கான எழுத்து. கொஞ்சம் வசதியான இடமென்றால் 16 பக்கத்துக்கு. அதற்கு மேல் கோக்க, அதாவது எழுத்துகளை வரியாக அடுக்க, வேண்டுமானால் ஏற்கெனவே கோத்ததை அடித்து முடித்து, மையைக் கழுவி, ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து எழுத்துப் பெட்டியில் அதனதன் அறையில் திரும்பப் போட்டாக வேண்டும். 16 பக்கத்துக்கு எழுத்து இருந்தாலும், 96 பக்கப் புத்தகமென்றால் இந்தச் சுற்று ஆறு தடவை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டெமி அளவுப் பக்கம் ஒன்றில் 10 பொயின்ட் எழுத்தில் ஏறக்குறைய 1500 எழுத்து வரும். மணிக்கு ஆயிரம் எழுத்துக் கோக்கும் கை என்றால் பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம், 16 பக்கத்துக்கு 24 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளில் மூன்று நாள். பிரிப்பது கோப்பதைவிட மூன்று மடங்கு விரைவாக நடக்கும் என்று வைத்தாலும் முழுதாக ஒரு நாள் போய்விடும். அந்த ஒரு நாளை எழுத்துக் கோத்து நல்ல சம்பளம் வாங்கும் கொம்போசிட்டரின் தலையில் கட்டினால் முதலாளிக்கு நட்டம். ஆகவே மூன்று கொம்போசிட்டருக்கு ஒரு பொடியன் தேவைப்பட்டான். யாருடைய பெருந்தன்மையாலும் உண்டான வேலை இல்லை அது. ஈயம் அளவோடு இருந்ததால் உண்டான வேலை.

தமிழுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஆங்கிலக் கேஸ், அதாவது எழுத்துப் பெட்டி, இரண்டு தட்டுக்குள் அடங்கிவிடும். தமிழில் புள்ளி வைத்த மெய் 18, அகரம் ஏறியவை 18, பிறகு இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என்று ஒவ்வொன்றுக்கும் 18. அதோடு உயிர் 12, ஆய்தம், கால், கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு, கிரந்தம், நிறுத்தக் குறிகள், இலக்கங்கள், இடைவெளிக் கட்டைகள். கூட்டினால் 150 அறையைத் தாராளமாகத் தாண்டும். பழைய எழுத்து வழக்கில் ணா, றா, னா மூன்றும் ஒட்டெழுத்து. ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கை வைத்தவை. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையானபோது மாறியவை 13 எழுத்து என்று சொல்வார்கள். அச்சகக்காரனுக்கு அது ஏழு அச்சுத்தான், ஏனென்றால் ணொ, ணோ போன்றவை கொம்பையும் அதே ணாவையும் சேர்த்து வருபவை. ஆனாலும் அந்த ஏழு அறையையும் உடனே காலி செய்ய எந்த அச்சகமும் அவசரப்படவில்லை. காசு கொடுத்து வாங்கிய ஈயத்தை யார் வீசுவார்கள்?

பிரிக்கும் வேலையின் முறை இது. அடித்து முடித்த பக்கத்தை மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைக்க வேண்டும். பிறகு கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், கையில் எடுக்கும்போது சரியாது. நான்கைந்து வரியை ஒரு லெட்டின் (வரிகளுக்கிடையில் வைக்கும் ஈயத் தகடு) மேல் ஏந்தி இடது கையில் வைத்துக்கொள்ள வேண்டும். எழுத்தின் உடலில் உள்ள வெட்டு மேல்பக்கம் பார்த்திருந்தால் வரிகள் தலைகீழாகத் தெரியும், ஆனால் இடமிருந்து வலமாக வாசிக்கலாம். ஒரு சொல்லை வாசித்து, வலது கையால் அந்தச் சொல்லை மொத்தமாக எடுத்து, விரல்களால் உருட்டி ஒவ்வொரு எழுத்தையும் அதன் அறைக்கு மேலே கொண்டுபோய் விட வேண்டும். பார்த்துப் பார்த்துப் போட்டால் நாள் போதாது. கை அறையை அறிந்திருக்க வேண்டும்.

தவறும் இடம் எப்போதும் ஒன்றுதான்: ண, ன. அடுத்தது ர, ற. அதற்கடுத்தது ல, ள, ழ. ஒரு 'ண்' தவறிப்போய் 'ன்' அறையில் விழுந்தால் இன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று நாள் கழித்து யாரோ ஒருவருடைய கலியாண அழைப்புக் காட்டில் 'அன்புடண்' என்று எழும்பி நிற்கும். கோத்தவர் அறையைப் பார்க்காமல் கையை விட்டு எடுப்பவர், அவர் மேல் பிழையில்லை. ஏச்சு பொடியனுக்கு.

இந்த ஏச்சுத்தான் பள்ளிக்கூடம். எட்டாம் வகுப்போடு நின்றவன் ஒரு நாளைக்குப் பல ஆயிரம் எழுத்தை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறான். இரண்டு வருசத்தில் அவனுக்கு எழுத்துப்பிழை கண்ணில் குத்தும். பிறகு எழுத்துக் கோக்கும் கைத்தட்டான ஸ்டிக் கையில் வரும். முதலில் தலைப்பும் விளம்பரமும் இல்லாத வெறும் பந்தி. வரியை இறுக்கி நிரப்பப் பழக வேண்டும், அதுதான் கடினம். தளர்வாக நிரப்பினால் மெஷின் ஓடும்போது எழுத்து மேலே ஏறி உருளையைக் கிழிக்கும், மிகைப்பட நிரப்பினால் அந்த ஒரு வரி பக்கத்தையே கோணலாக்கும். அடுத்த படி திருத்தம், அதற்கடுத்தது கல்மேசையில் போர்ம் கட்டுவது, அதாவது பக்கங்களை அச்சடிக்கும் ஒழுங்கில் அடுக்கி இரும்புச் சட்டத்துக்குள் இறுக்குவது. கட்டியதைத் தூக்கிப் பார்த்து ஒரு எழுத்தும் விழவில்லையென்றால்தான் மெஷினுக்குப் போகும். 16 பக்கத்துக்கான ஈயம் 50 கிலோவைத் தாண்டும், ஆகவே இதற்கு இரண்டு பேர். அதன் மேல் எல்லாரையும் மேற்பார்க்கும் போர்மன். இன்னொரு கிளை புறூவ் (பிழை பார்க்க அடித்த முதல் படி) வாசிப்பவர் பக்கம் போகும், அங்கிருந்து பத்திரிகை ஆசிரியபீடத்தின் வாசற்படி எட்டும் தூரம். 1930இல் தொடங்கிய வீரகேசரி, 1932இல் லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்திலிருந்து வந்த தினகரன் போன்ற பெரிய இடங்களில் இந்தக் கிளை நீளமானது. பத்துப் பேர் வேலை செய்யும் அச்சகத்தில் போர்மனோடு ஏணி முடிந்துவிடும், அதற்கப்பால் சொந்தமாக ஒரு டிரெடில் மெஷின் (காலால் மிதித்து ஓட்டும் சிறிய அச்சு மெஷின்) வாங்குவதுதான்.

பழைய அச்சகத்தைப் பற்றி இனிக்க இனிக்க எழுதுபவர்கள் ஈயத்தின் மறுபக்கத்தை விட்டுவிடுகிறார்கள். உலோகத் துண்டாக இருக்கும் ஈயம் தோல் வழியாக அவ்வளவாக உள்ளே போகாது. கையில் படியும் தூள்தான் ஆபத்து. கழுவாத கையால் பணிஸ் தின்பது, கேஸின் விளிம்பில் தேத்தண்ணி வைப்பது, கேஸுக்குள் சேர்ந்த தூசியை வாயால் ஊதுவது, இவை மூன்றும்தான் ஈயத்தை வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் கொண்டுபோனவை. பல் முரசில் நீலக் கோடு விழும், மணிக்கட்டு தொய்யும். இதில் பெரும்பகுதியைத் தடுக்கச் சவர்க்காரமும் தண்ணீர்க் குழாயும் போதும்.

இந்த ஏணியில் யார் ஏறினார்கள் என்பது அடுத்த விசயம். கொழும்பில் தமிழர் மேலே வந்த கதை என்றதும் இலிகிதர் கதைதான் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தில் 1816இலிருந்து அமெரிக்க மிசனரிகள் நடத்திய பள்ளிக்கூடங்கள், அங்கே கிடைத்த ஆங்கிலம், 1905இல் காங்கேசன்துறை வரை போய்ச் சேர்ந்த ரயில், அதில் ஏறி வந்து அரசாங்கக் கந்தோரில் மேசை பிடித்தவர்கள், வெள்ளவத்தையில் வாடகை வீடு. அந்த ஏணிக்குச் சோதனை உண்டு, தரம் உண்டு, ஓய்வூதியம் உண்டு. அது அறுந்த திகதியும் எல்லாருக்கும் தெரியும்: 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம்.

மலையகத்திலிருந்து இறங்கி வந்தவருக்கு அந்த ஏணியின் முதல் படியே கிடையாது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நாடற்றவராக நின்றவர் அரசாங்க வேலைக்கு விண்ணப்பமே போட முடியாது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இங்கேயும் என்று பங்கு பிரித்து, 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டது. லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) கொழும்புக்கு வந்த பொடியனுக்குத் திறந்திருந்தவை சாப்பாட்டுக் கடை, புறக்கோட்டை மொத்தக் கடை, வீட்டு வேலை, அச்சகம். அந்தப் பட்டியலில் படிக்கத் தெரிந்தால்தான் மேலே போகலாம் என்ற விதி இருந்த வேலை அச்சகம். குடியுரிமைப் பத்திரம் கேட்கவில்லை, ண–ன வித்தியாசம் கேட்டது. கடையில் பத்து வருசம் நின்றாலும் கடைப் பொடியன் கடைப் பொடியன்தான். அச்சகத்தில் பத்து வருசம் நின்றவன் கைத்தொழில்காரன்.

1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் ஈயம் பின்வாங்கத் தொடங்கியது. அதற்கு முந்திய வருசங்களில் கடதாசிக்கும் உதிரிப்பாகத்துக்கும் அனுமதிப்பத்திரம், இருக்கிற டிரெடிலைத் தட்டிக்கொட்டி ஓட்டுவதுதான் திறமை. பிறகு ஈய எழுத்துக்குப் பதிலாகப் பிளேட்டைக் கொண்டு அடிக்கும் ஒப்செட் மெஷின்கள், பாவித்துப் புதுக்கியவை, வந்தன. அவற்றின் பின்னாலேயே கணினி. 1990களில் பாமினி எழுத்துருவும் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளும் கொழும்பின் தமிழ் அச்சகங்களைப் பிடித்துக்கொண்டன. பாமினியில் 'தமிழ்' என்று வர ஆங்கில விசைப்பலகையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து தட்டு. கோப்பதற்கு ஒன்றரை மணி எடுத்த பக்கம் இப்போது கால் மணி, அதைவிட முக்கியம், எழுத்து தீர்வதே இல்லை. எத்தனை பக்கம் வேண்டுமானாலும் கோத்து வைக்கலாம், எதையும் பிரிக்க வேண்டாம். பொடியன் நின்ற இடம் அன்றைக்கே காலி.

கணினியின் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பழைய கொம்போசிட்டர்கள் இல்லை. தட்டச்சு வகுப்புகளில் படித்திருந்த பெண்பிள்ளைகள். ஆண்களே நின்ற கொம்போசிங் அறைக்குள் பெண்கள் வந்தது இந்த மாற்றத்தின் நல்ல பக்கம், அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. கொம்போசிட்டர்களில் தப்பியவர்கள் யார் என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். கைவேகம் மட்டும் வைத்திருந்தவர் வெளியே போனார். கல்மேசையில் போர்ம் கட்டத் தெரிந்தவர் படச்சுருள் ஒட்டும் வேலைக்கு, அதாவது ஒப்செட் பிளேட்டுக்கான பக்கப் படங்களை ஒழுங்காக ஒட்டும் வேலைக்கு, மாறினார், ஏனென்றால் பக்க ஒழுங்கு ஈயத்துக்கும் படச்சுருளுக்கும் ஒன்றே: 16 பக்கத் தாளில் தலையோடு தலை இல்லாமல் முதுகு மடிப்பின் இரு பக்கமும் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் 17 வர வேண்டும், 8 பக்கத்தில் 9. வராவிட்டால் மடிக்கும்போது புத்தகம் குழம்பும். டிரெடில் மெஷின்காரர் பில் புத்தகத்துக்கு எண் அடிப்பது, துளைக் கோடு போடுவது, அட்டைப்பெட்டி வெட்டுவது என்று அதே மெஷினில் தொடர்ந்தார். எண் அடிக்க இன்றைக்கும் அந்தக் கிழட்டு மெஷினை விட மலிவான வழி சிறிய அச்சகத்துக்கு இல்லை. புறூவ் வாசித்தவர்கள்தான் எல்லாரையும் விட நீண்ட காலம் நின்றார்கள். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிய பிறகு மும்மொழிப் படிவங்கள் பெருகின, தமிழை ஒழுங்காக வாசிக்கத் தெரிந்தவருக்கு விலை ஏறியது.

படச்சுருள் ஒட்டும் மேசையும் பிறகு போனது. கணினியிலிருந்து நேரே பிளேட் எடுக்கும் மெஷின் வந்ததும் ஒட்டுபவரும், அவருக்குப் பக்கத்தில் நின்று வேலை பழகிய உதவியாளும், பிளேட் கழுவிய பொடியனும் ஒன்றாகப் போனார்கள். கவனித்துப் பார்த்தால் ஒவ்வொரு மெஷினும் வெட்டியது அடிப்படியைத்தான். மேலே இருப்பவருக்கு வேலை மாறும், கீழே இருப்பவருக்கு வேலை இல்லாமல் போகும். துறைமுகத்திலும் இதுவே. 1985இல் ஜய கொள்கலன் முனையம் திறந்த பிறகு மூட்டை சுமந்த கைகள்தான் குறைந்தன, கணக்கு எழுதியவர் கணினிக்கு மாறினார். நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவில் மெழுகு மரத்தில் வார்த்து எடுக்கும் மோதிரம் வந்ததும் பத்தரின் (பொற்கொல்லரின்) பட்டறையில் கம்பி இழுக்கவும் ஊதுகுழல் பிடிக்கவும் இருந்த சின்னப் பையனின் இடம் சுருங்கியது.

இன்றைய அச்சகத்தில் நுழைய என்ன வேண்டும்? இன்டிசைன், போட்டோஷொப் போன்ற மென்பொருள், சாதாரண தரச் சித்தி, முடிந்தால் சிங்களமும். இதைப் படித்து முடிக்கும் வரை சம்பளம் இல்லை, வகுப்புக் காசும் மடிக்கணினியும் வீட்டுச் செலவு. முன்பு பழக்கும் செலவை முதலாளி ஏற்றார், பிழையான அறையில் விழுந்த எழுத்தாகவும் மெதுவான கையாகவும் அது அவர் கணக்கில் போனது. இப்போது அது பெற்றோர் கணக்கில். லயத்திலிருந்து வருபவனால் அதைக் கட்ட முடியாது. நவீனமாதல் வாய்ப்பைப் பெருக்கியது என்று பொதுவாகச் சொல்பவர்கள் இந்தக் கணக்கை யார் பெயரில் எழுதுவது என்று சொல்வதில்லை.

வகுப்பில் சொல்லிக் கொடுக்காத, வேலையில் முதல் மாதமே கழுத்தைப் பிடிக்கும் சில விசயங்கள் உண்டு. இன்டிசைனில் யூனிகோட் தமிழ் உடைந்து கொம்பு பின்னால் போய் நின்றால் எழுத்துருவைக் குறை சொல்ல வேண்டாம், பந்தி அமைப்பியை உலக மொழிகளுக்கானதாக ('வேர்ல்ட்-ரெடி' என்று பெயர் இருக்கும்) மாற்றினால் சரியாகும். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது பிழை வரும் இடம் ஒ, ஓ வரிசை: பாமினியில் கொம்பு, எழுத்து, கால் என்று மூன்று தட்டு, யூனிகோடில் எழுத்துக்குப் பின் ஒரே குறி. மாற்றி முடித்ததும் தனியாக நிற்கும் கால்களைத் தேடிப் பார்க்க வேண்டும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. பழைய வாடிக்கையாளரின் கோப்பைத் திறக்க மட்டும் ஒரு பழைய கணினியை மூலையில் வைத்திருக்கும் அச்சகங்களைக் கேலி செய்ய வேண்டாம். கடதாசி இழை ஓடும் திசையையும் கேட்டுப் பழகுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் தாள் இழைக்குக் குறுக்காக விரியும், முதல் நிறம் அடித்து ஒரு இரவு வெளியே கிடந்த தாளில் மற்ற நிறம் பொருந்தாது.

கைத்தொழில்காரர் மேலே வந்தாரா என்பதைச் சம்பளத்தை மட்டும் வைத்து அளக்க முடியாது. வயது 55இல் கையில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம். பக்கக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு இது இல்லை என்று பல அச்சகங்களில் சொல்வார்கள். அது பொய். துண்டுவேலைக் கூலியும் சட்டப்படி உழைப்பூதியத்துக்குள் அடங்கும். பணிக்கொடை 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம்: ஐந்து வருசம் முடித்திருக்க வேண்டும், மாதச் சம்பளக்காரருக்கு வருசத்துக்கு அரை மாதச் சம்பளம், மற்றவருக்கு வருசத்துக்கு 14 நாள் கூலி. கடைசிச் சம்பளம் 60,000 ரூபாய், சேவை 20 வருசம் என்றால் 6,00,000 ரூபாய். ஆனால் அந்தச் சட்டம் நேரடியாகக் கட்டுவது 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தை. அச்சகங்களில் 14ஆவது ஆளுக்குப் பிறகு புதிய ஆள் 'வெளி வேலை' ஆளாகிவிடும் மர்மம் இதனால்தான். 15க்குக் குறைந்த இடத்திலும் தொழில் நியாய மன்றத்தில் கேட்கலாம், கேட்பவர் குறைவு.

கேட்க முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் சான்றாகக் காட்டக் கடதாசி இல்லாமை. அச்சிட்ட பெரும்பாலானவற்றில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் இருக்கும், கோத்தவன் பெயர் எங்கும் இராது. நாட்கூலி வாங்கிய பழைய ஆட்களிடம் நியமனக் கடிதமும் இல்லை, சம்பளத் துண்டும் இல்லை. இப்போது வேலையில் இருப்பவர்கள் செய்யக்கூடியது: சேமலாப நிதி அங்கத்துவ எண்ணையும் வருடாந்தக் கூற்றையும் வைத்திருப்பது, நீங்கள் செய்த வேலையின் மாதிரி ஒன்றைத் திகதியோடு எடுத்து வைப்பது, வேலை மாறும்போது சேவைச் சான்றிதழைக் கையோடு வாங்குவது. இந்த மூன்றும் இருந்தால் படிக்காமல் தொழில் பழகியவரும் முன்கற்றலை மதிப்பிடும் முறையில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். 2 முதல் 4 வரையான மட்டங்கள் கைத்தொழில் தேர்ச்சிக்கு, 5உம் 6உம் டிப்ளோமா. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவருக்கு இந்தக் கடதாசி இருந்தால் ஒரு சம்பளம், இல்லாவிட்டால் இன்னொரு சம்பளம்.

2022இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனது. கடதாசி, மை, பிளேட் எல்லாம் இறக்குமதி. மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை தள்ளிப்போனதும், சில நாளிதழ்கள் அச்சை நிறுத்தியதும் அப்போதுதான். சிறிய அச்சகங்கள் முதலில் நிறுத்தியது உதவி ஆட்களை. கலியாணக் காட் பாதி வட்ஸ்அப்புக்குப் போய்விட்டது, திரும்பி வரவில்லை.

பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட ஒருவனுக்கு இன்றைக்கும் கதவு திறந்திருக்கிற இடம் பைண்டிங் மேசை. மடித்தல், அடுக்குதல், கம்பி அடித்தல். அங்கே மூன்று மாதம் நின்றால் பக்க ஒழுங்கு கண்ணுக்குத் தெரியும், ஏனென்றால் பிழையான போர்ம் முதலில் மாட்டுவது மடிப்பவன் கையில். அங்கிருந்து வெட்டும் மெஷின், அங்கிருந்து ஒப்செட்டில் தாள் ஊட்டுவது. கெட்டிக்கார முதலாளி புதிய டிசைனரையும் முதல் மாதம் இந்த மேசையில்தான் இருத்துவார், நடுத்தாள்கள் வெளியே தள்ளி நிற்பதை ஒரு தடவை கையால் மடித்துப் பார்த்தவர் ஓர இடைவெளியைச் சுருக்க மாட்டார். இப்போது பாவித்த மடிக்கும் மெஷின்களும் கொள்கலனில் வந்து இறங்குகின்றன. பத்துப் பேர் ஒரு நாளில் மடிப்பதை அது காலைத் தேத்தண்ணிக்கு முன் முடித்துவிடும்.